நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஏற்ற கல்லூரி எது?



அளவான குடும்பம் வேண்டும் என்று இந்த வெளியீடுகளில் பல முறை சொல்லி வருகிறோம். எதற்காகச் சொல்கிறோம்? பெற்ற பிள்ளைகளுக்கு நல்ல சோறு, நல்ல துணி, நல்ல படிப்பு கொடுக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான். நீங்களும் அப்படியே குடும்பத்தை அமைத்துக்கொண்டீர்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டீர்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீர்கள். பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிவிட்டது. ஊரே மெச்சுகிறது. அடுத்தது என்ன?

மார்க் குறைந்த பிள்ளைக்கு ஒன்றிரண்டு வழிகள்தான் தெரியும். மார்க் கூடிய பிள்ளைக்குப் பத்து வழிகள் தெரியும். நாலு ரோடு கூடுகிற இடத்தில்தான் வெளியூர்க்காரன் தடுமாறுவான். அதுபோல, நன்றாகப் படிக்கும் பிள்ளையின் வீட்டில்தான் இந்த மே, ஜூன் மாதங்களில் தடுமாற்றம் அதிகம். சொந்தக்காரர் ஒன்று சொல்வார், தரகர் ஒன்று சொல்வார், கணவன் ஒன்று சொல்வார், மனைவி ஒன்று சொல்வார். நடுவில் பிள்ளை வாய் பேசாமல் நிற்கும். இந்த நிலை உங்கள் வீட்டில் வராதிருக்கச் சில விவரங்களைக் கீழே தருகிறோம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிள்ளையைக் கேளுங்கள்

"உனக்கு என்னம்மா படிக்க ஆசை?" என்று கேட்டால், "உங்க இஷ்டம்பா" என்றுதான் பல பிள்ளைகள் சொல்லும். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடக் கூடாது. பெரியவர்கள் முன்னால் பேசத் தயங்கும் பிள்ளை அப்படித்தான் சொல்லும். வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படித்தாய்? எந்த வாத்தியார் வகுப்பு என்றால் பிடிக்கும்? ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தால் பயமா? வயல் வேலை பிடிக்குமா, கணக்குப் பிடிக்குமா, பேச்சும் எழுத்தும் பிடிக்குமா? இப்படிக் கேட்டால் பிள்ளையின் மனசு வெளியே வரும்.

மார்க் நிறைய வாங்கிவிட்டால் டாக்டர், இல்லாவிட்டால் இன்ஜினியர் என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கம். இரண்டும் நல்ல படிப்புத்தான். ஆனால் பிடிக்காத படிப்பை நாலு வருஷம், ஐந்து வருஷம் சுமப்பது லேசான காரியம் அல்ல. அதிக மார்க் வாங்கிய பிள்ளை வேளாண்மையோ, சட்டமோ, கால்நடை மருத்துவமோ, கணிதமோ, தமிழோ படிப்பதால் அந்த மார்க் வீணாகிவிடாது.

மகள் என்றால் தனிக் கணக்கு வேண்டாம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் பதினேழு வயது. "நல்ல வரன் வந்திருக்கு, மாமன் மகன்தான், அப்புறம் படிக்க வச்சுக்கலாம்" என்று பேச்சு வரும் நேரமும் அதுதான். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இளவயதில் கருவுற்றால் இரத்த சோகை, இரத்தக் கொதிப்பு, எடை குறைந்த குழந்தை ஆகிய தொல்லைகள் அதிகம் என்பதை எங்கள் துறையில் உள்ள ஒவ்வொருவரும் பிரசவ வார்டில் பார்த்து அறிந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு படிக்க வைப்போம் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் படிக்க வைத்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. மகனுக்கு எண்பது மைல் தள்ளி நல்ல கல்லூரி, மகளுக்குப் பக்கத்து ஊரில் பஸ் வந்துபோகிற கல்லூரி என்று பிரித்துவிடுகிறோம். மகளைத் தூரத்தில் விட மனசுக்குப் பயம்தான். அந்தப் பயத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. விடுதியை நேரில் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறோம். அது எப்படி என்று பின்னால் சொல்லியிருக்கிறோம்.

எந்தப் படிப்புக்கு எந்த வாசல்?

ஒவ்வொரு படிப்புக்கும் சேர்க்கை வாசல் வேறு வேறு. இதைத் தெரியாமல் பல வீடுகளில் ஒரு வருஷத்தை இழக்கிறார்கள்.

பொறியியல்: தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு முதல் இதற்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் இடம் தருகிறார்கள்.

மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம்: நீட் தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மட்டும் போதாது.

வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம்: தமிழ்நாட்டு மாணவர்களுக்கான இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே நிரப்புகிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு மதுரையிலும் கிள்ளிகுளத்திலும் கல்லூரிகள் உண்டு. மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில் 1977-இல் தொடங்கியது.

சட்டம்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்குகிறது.

சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி.: இவற்றுக்கு ஜே.இ.இ. தேர்வு உண்டு. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. இந்தத் தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகள்: இவற்றுக்கும் இணையவழி விண்ணப்பம்தான். கட்டணம் மிகக் குறைவு. மதிப்புக் குறைவான இடம் என்று நினைக்க வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரி 1840-இல் தொடங்கியது. அங்கே கணிதமும் இயற்பியலும் படிக்க இடம் கிடைப்பது எளிதல்ல.

ஒரே வாசலில் நின்றுகொண்டிருக்காதீர்கள். நீட் எழுதும் பிள்ளையும் வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் மனுப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

கட்-ஆஃப் என்றால் என்ன?

பொறியியலுக்கு மொத்தம் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிள்ளை கணக்கில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94 வாங்கியிருந்தால், 96-ஐ அப்படியே எடுத்து, 92-இல் பாதி 46, 94-இல் பாதி 47 சேர்த்துக் கூட்ட வேண்டும். 189 வரும். இதுதான் கட்-ஆஃப். தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவு வாங்கினாலும் இதில் சேராது.

கலந்தாய்வில் பிள்ளை தான் விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "அந்தக் காலேஜ் எப்படியும் கிடைக்காது, எதுக்கு முதல்ல போடணும்?" என்று கிடைக்கக்கூடியதை மேலே போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. உங்கள் பிள்ளையின் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கம்ப்யூட்டர் ஒதுக்கும். மேலே உள்ளது இல்லையென்றால் அடுத்ததுக்குப் போகும். ஆகவே, மிகவும் விரும்பும் இடத்தை முதலில் போடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. கிடைக்கக்கூடியதை முதலில் போட்டால் அதுவே கிடைத்துவிடும். அதைவிட நல்ல இடம் காலியாக இருந்தாலும் வராது. ஆசைப்படி வரிசையாக எழுதுங்கள். அதே நேரம், பட்டியலை ஐந்தாறு இடங்களோடு நிறுத்தாமல் கீழேயும் நிறைய எழுதுங்கள். போன வருஷம் எந்தக் கட்-ஆஃபுக்கு எந்த இடம் கிடைத்தது என்ற விவரத்தைப் பார்த்து எழுதினால் நல்லது.

இடம் ஒதுக்கியதும், குறிப்பிட்ட நாளுக்குள் "சம்மதம்" என்றோ, "சம்மதம், ஆனால் மேலே உள்ளது கிடைத்தால் வேண்டும்" என்றோ பதில் பதிவு செய்ய வேண்டும். பதில் சொல்லாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். அந்த நாட்களில் திருவிழா, கல்யாணம் என்று வெளியூர் போகாதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை: பிரவுசிங் சென்டர்க்காரரிடமோ தரகரிடமோ பாஸ்வேர்டையும் போனில் வரும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஏதோ ஒரு கல்லூரிக்கு ஆள் பிடிப்பதற்காக உங்கள் பிள்ளையின் பட்டியலை அவர்கள் மாற்றிவிட வழியுண்டு. மாவட்டங்களில் அரசே சேர்க்கை உதவி மையங்கள் வைத்திருக்கிறது. அங்கே போய், பிள்ளையே தன் கையால் பதிவு செய்யட்டும். கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோல ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்தால் போதாது, கல்லூரியின் எண்ணையும் ஊரையும் சரிபார்க்க வேண்டும்.

கல்லூரியை எப்படி எடை போடுவது?

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், நடையைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். கல்லூரியை மட்டும் பஸ்ஸில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா? கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. நாக் குழு என்ன தரம் கொடுத்திருக்கிறது? பொறியியல் என்றால், நீங்கள் சேரும் பாடப்பிரிவுக்குத் தனியாக என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரிக்கு இருந்து, அந்தப் பிரிவுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

2. மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் தரவரிசையில் அந்தக் கல்லூரி உள்ளதா?

3. பல்கலைக்கழகத் தேர்வில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறுகிறார்கள்?

4. வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர்? விளம்பரத்தில் நாலு பேர் படம் போட்டிருப்பார்கள். அந்தப் பிரிவில் படித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

5. ஆய்வுக்கூடத்தில் கருவிகள் ஓடுகின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா?

6. கல்லூரி வாசல் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் வருஷப் பையன்களை, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்களை அன்பாக விசாரியுங்கள். ஆபீசில் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

நல்ல கல்லூரி எல்லாம் சென்னையில்தான் என்று எண்ண வேண்டாம். கிண்டிக் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பழம்பெரும் இடம்தான். ஆனால் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-லும், காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி 1952-லும், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-லும், சேலம் அரசுக் கல்லூரி 1966-லும், திருநெல்வேலி அரசுக் கல்லூரி 1981-லும் தொடங்கியவை. உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கக்கூடும்.

பெரிய கல்லூரியில் பிடிக்காத பிரிவா, நடுத்தரக் கல்லூரியில் பிடித்த பிரிவா என்று கேள்வி வந்தால், படிக்கப் போகிற பிள்ளையின் வாக்குக்கு இரண்டு ஓட்டு, உங்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியை நேரில் பாருங்கள்

தாயும் தகப்பனும் இருவருமாகப் போங்கள். பெண் பிள்ளை என்றால் தாய் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? கக்கூஸ் எத்தனை பேருக்கு ஒன்று, தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மாதவிலக்குத் துணியையும் பஞ்சையும் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? இது இல்லாத இடத்தில் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் நீர்க்கடுப்பு வருகிறது. இரவில் உடம்புக்கு முடியாவிட்டால் யார் அழைத்துப் போவார்கள்? வார்டன் விடுதியிலேயே தங்குகிறாரா? சாப்பாட்டு நேரத்தில் போய் ஒரு வேளை சாப்பிட்டே பாருங்கள்.

ராகிங் என்னும் கொடுமையைத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-5522. பிள்ளையின் போனில் பதிந்து கொடுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு, இரண்டாம் வருஷம் நகையை அடகு வைப்பவர்கள் பலர். நாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விடுதிச் சாப்பாடு மாதம் ரூ.4,000 என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்குப் பத்து மாதம் ரூ.40,000, நாலு வருஷத்துக்கு ரூ.1,60,000. இதோடு கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், பஸ் செலவு எல்லாம் கூட்டுங்கள்.

பிறகு, அரசு உதவிகளைப் பாருங்கள்.

* ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. இதில் தொழிற்படிப்பு சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவித்தார்கள்.

* குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையானால், முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. தொழிற்படிப்புகளுக்கு 2010-இல் வந்தது. கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது.

* அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன.

விதிமுறைகள் வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடும். சேரும் ஆண்டில் எது நடப்பில் உள்ளது என்று பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீதிக்கு வங்கிக் கல்விக் கடன் இருக்கிறது. ரூ.4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் படிக்கும் காலத்துக்கும் வட்டி சேரும் என்பதை மறக்காதீர்கள். வங்கி இருக்கும்போது கந்து வட்டிக்காரரிடம் போகாதீர்கள். இரசீது இல்லாமல் நன்கொடை கேட்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே தடை செய்திருக்கிறது.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். மே மாதக் கடைசியில் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடினால் கூட்டத்தில் நிற்க நேரிடும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

பிள்ளையின் உடம்பும் மனசும்

கல்லூரிக்கு அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். இரத்தம் எடுத்துப் பார்ப்போம். பெண்பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. படித்தது மனதில் நிற்காது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறோம். பதினாறு வயதில் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி விட்டுப் போயிருந்தால் அதையும் போட்டுவிடலாம்.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை, கல்லூரிக்குப் போனால் அங்கே இருக்கும் எல்லோருமே அவரவர் பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் ஆங்கிலத்தில் பாடம் புரியாது. இரண்டொரு பேப்பரில் அரியர் விழும். வாழ்க்கையில் முதல் முறையாகத் தோற்ற பிள்ளை அதை வீட்டில் சொல்லப் பயப்படும். "உன்னை நம்பித்தான் காட்டை அடமானம் வச்சிருக்கோம்" என்று நீங்கள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தால் இன்னும் சொல்லாது. போகும்போதே சொல்லி அனுப்புங்கள்: "அரியர் விழுந்தா எழுதிக்கலாம். பிடிக்கலேன்னா வந்து சொல்லு. நாங்க இருக்கோம்."

நீட் போன்ற தேர்வு முடிவு வரும் வாரத்திலும் இது பொருந்தும். தூங்காமல் இருப்பது, சாப்பிடாமல் இருப்பது, யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பது, "நான் இருந்து என்ன?" என்று சொல்வது: இவற்றைச் சோம்பல் என்றும் நடிப்பு என்றும் நினைக்காதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மனசில் என்ன இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் கெடுதல் வராது. வீட்டில் வைத்திருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றையும் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இது எல்லா விவசாயி வீட்டிலும் எல்லா நாளும் செய்ய வேண்டிய காரியம். 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

நினைவில் வைக்க

* பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு, பிறகு கல்லூரியைத் தேடுங்கள்.
* மகனுக்கும் மகளுக்கும் ஒரே கணக்கு.
* பல வாசல்களில் மனுப் போடுங்கள். விருப்பப் பட்டியலை ஆசைப்படி வரிசையாக எழுதுங்கள்.
* கல்லூரியையும் விடுதியையும் நேரில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.
* நாலு வருஷச் செலவையும் முன்னாலேயே கணக்குப் போடுங்கள்.
* தோற்றாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கணவனும் மனைவியும் கலந்து பேசிக் குடும்பத்தை அளவாக வைத்துக்கொண்டது போலவே, இந்த முடிவையும் கலந்து பேசி எடுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். பிள்ளையின் உடல்நலம், மனநலம் பற்றி எதுவானாலும் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தயங்காமல் கேட்கலாம்.